தெருவுக்கே வராத இரண்டு கார்கள்

சாரம் என்கிற பகுதியில் அந்தக் குறுக்குத் தெருவுக்குள் ஒரு கார் நுழைந்துவிட்டால், எதிரே சைக்கிளில் வருகிறவர் யார் வீட்டு வாசல்படியிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். அவ்வளவு விசாலமான தெரு. அந்தத் தெருவில் இரண்டு பேருக்குக் கார் இருந்தது. லொடலொட வண்டி இல்லை, பெயரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வெளிநாட்டுக் கார். வெள்ளை வண்டி அரிகிருஷ்ணனுடையது. கறுப்பு வண்டி எதிர்வீட்டுச் சாமிக்கண்ணுவுடையது. இரண்டு பேரும் இரண்டில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

எப்படி என்று கேட்டால், எல்லாம் கமலக்கண்ணன் என்ற புரோக்கர் செய்த புண்ணியம். வெளியூர்ப் பெரிய மனிதர்கள் கார் வாங்குகிறார்களாம். அவர்கள் ஊரில் பதிந்தால் வரி தீட்டிவிடுமாம். நம்ம ஊரில் பதிந்தால் குறைச்சலாம். அதற்கு நம்ம ஊர் ஆளின் பெயரும் விலாசமும் வேண்டுமாம். "பேரு மட்டும்தாண்ணே உங்களுது. காரு எங்கியோ ஓடினு இருக்கும். உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல" என்றான். அரிகிருஷ்ணனும் சாமிக்கண்ணுவும் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து, அவன் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அவன் கொடுத்த பணத்தில் தீபாவளிக்கு வேட்டி சேலை ஆயிற்று. கதை அதோடு முடிந்திருந்தால் ஊர் உலகத்துக்கு நல்லது.

முடியவில்லை. வண்டியின் ஆர்.சி. அட்டை தபாலில் அரிகிருஷ்ணன் வீட்டுக்கே வந்தது. வண்டியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி அது. உரிமையாளர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். அறுபத்து மூன்று வயதில், அவர் பெயர் அச்சில் வந்த நல்ல காகிதம் அது ஒன்றுதான். வேலை பார்த்த மில் மூடியபோது வந்த கடிதத்திலும் பெயர் இருந்தது, ஆனால் அது நல்ல காகிதம் இல்லை. கமலக்கண்ணன் அட்டையை வாங்கிப்போக வருவதற்குள் அரிகிருஷ்ணன் கடைக்கு ஓடி, இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷனும் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டில் கேட்டால், சாமிக்கண்ணுவும் அதையே செய்திருந்தார். சாமிக்கண்ணு கலரில் எடுத்திருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

"உன்னுது எத்தினி சிசி?" என்றார் சாமிக்கண்ணு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு."

"அப்ப மூவாயிரம்கூட இல்ல."

"ரெண்டு சிசிதான்யா கம்மி!"

"கம்மி கம்மிதான? என்னுது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்திரெண்டு. சிலிண்டர் எட்டு. உன்னுதுல இன்னா போட்டிருக்கான்?"

ஆறு போட்டிருந்தான். அரிகிருஷ்ணன் அன்று இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் காமராஜர் சாலை முக்கில் டூவீலர் மெக்கானிக் இளம்பரிதியிடம் போனார். இளம்பரிதி ஜென்மத்தில் ஒரு காரின் மூடியைத் தூக்கியதில்லை, ஆனால் கையில் போன் இருந்தது. போனைத் தேய்த்துத் தேய்த்து அவன் சொன்னதையெல்லாம் அரிகிருஷ்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். வெள்ளைக்கு முந்நூற்று எழுபத்து நாலு குதிரைசக்தி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலரை செகண்டுக்குக் கொஞ்சம் மேலே. மில்லில் நூல் நூற்கிற ஒரு ரிங் ஃபிரேமை ஓட்டிய மோட்டார் இருபது குதிரைசக்திதான், ஆக என் வண்டி ஒற்றை ஆளாகப் பதினெட்டு ஃபிரேமை ஓட்டும் என்று அவர் கணக்குப் போட்டபோது நெஞ்சு விம்மியது. அப்புறம் இளம்பரிதி கறுப்பு வண்டியையும் தேடிப் பார்த்தான். அது நானூற்று அறுபத்தொன்பது. இருபத்து மூன்று ஃபிரேம்.

"ஆனா மாமா, அது நூத்தம்பது கிலோ அதிகம். தொந்திக்காரன். உங்களுது ஒடம்ப வளைச்சு ஓடும்" என்றான் இளம்பரிதி. பாவம் பார்த்துச் சொன்னானோ, டீக்குச் சொன்னானோ. "ரெண்டுமே ரியர் வீல் டிரைவ். இன்ஜின் முன்னாடி, தள்றது பின்சக்கரம். முன்சக்கரத்துக்குத் திரும்புற வேல மட்டுந்தான். உங்களுதுல வெயிட்ட முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு தராசுல நிறுத்தாப்புல பிரிச்சி வச்சிருக்கான். அதுல முன்னாடிதான் கனம் ஜாஸ்தி."

அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து இதை மனைவி வீராயிக்கு விளக்கினார். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினோரு வகுப்பறையைக் கூட்டித் துடைத்துவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள்.

"பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் சும்மா திரும்பும், அதான?" என்றாள். "நம்ம குடும்பந்தான் அது. தள்றது நான். முன்னாடி நின்னுகினு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பறது நீ. இதுக்கு எதுக்குய்யா நோட்டு?"

அரிகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் எடைப் பங்கீட்டைப் பற்றி!

ஆயுத பூஜை அன்று தெருவில் எல்லாரும் சைக்கிள், மொபெட், தையல் மெஷின் என்று பொட்டு வைக்க, இவர்கள் இருவரும் லேமினேஷன் அட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். சாமிக்கண்ணு எலுமிச்சம்பழமும் நசுக்கினார். தெருமுனை வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இன்றைக்கும் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்கே ஒரு பழைய சின்னக் கார்தான். "பாவம், முன்சக்கரத்துல இழுக்கற வண்டி" என்று இரண்டு பேரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

பிறகு நோட்டீஸ்கள் வரத் தொடங்கின. முதல் நோட்டீஸ் அரிகிருஷ்ணனுக்கு. ஓசூர் தாண்டி எங்கோ ஒரு கேமரா, அவருடைய வாகனம் எண்பதில் போகவேண்டிய இடத்தில் நூற்று அறுபத்து மூன்றில் போனதாகச் சொன்னது. கூடவே வண்டியின் முதுகுப் பக்கப் படம். வேறு யாராவது என்றால் அதை மடித்து ஒளித்து வைத்திருப்பார்கள். அரிகிருஷ்ணன் அதைக் கல்யாணப் பத்திரிகை போலத் தெரு முழுக்கக் காட்டினார். "நூத்தி அறுவத்தி மூணு! பின்சக்கரம் தள்ற தள்ளப் பாருங்க" என்றார். டவுனில் வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு ஓட்டலில் விசிலடித்து அடுத்தவன் கார்களைப் பின்னுக்கு வரச் சொல்வதுதான் அவருக்கு வேலை. அன்றைக்கு விசிலே வேறு தினுசாக இருந்தது.

பத்து நாளில் சாமிக்கண்ணுவுக்கு ஒரு நோட்டீஸ். நூற்று எழுபத்தொன்று.

அரிகிருஷ்ணன் இடிந்து போனார். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் தேங்காய் உடைத்து, என்ன வேண்டிக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள்? முகம் தெரியாத, மூக்குத் தெரியாத எவனோ ஒருவன் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டுமாம், அது கேமராவில் விழ வேண்டுமாம். தன் பெயருக்கு அபராதம் வரச்சொல்லி அர்ச்சனை செய்த முதல் ஆள் சாரத்தில் அவராகத்தான் இருப்பார்.

இந்தக் கூத்துக்கு நடுவே வீராயியின் முழங்கால் போய்விட்டது. கூட்டிப் பெருக்கிய காலம் அவ்வளவும் அந்த இரண்டு மூட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சிவப்பு ரேஷன் அட்டை இருந்தால் ஒரு பைசா இல்லாமல் செய்துவிடலாம். சிவப்பு என்றால் இல்லாதப்பட்டவர்களுக்கு, மஞ்சள் என்றால் இருக்கப்பட்டவர்களுக்கு. அவர்கள் வீட்டு அட்டை சிவப்புத்தான். வருகிற பதினேழாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீராயி அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஆபரேஷன் முடிந்தால் கீழே சம்மணம் போட்டு உட்கார முடியுமா என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டாள்.

நாலாம் தேதி கடிதம் வந்தது. தங்கள் பெயரில் விலையுயர்ந்த நான்கு சக்கர வாகனம் இருப்பதால் தங்கள் சிவப்பு அட்டை மஞ்சளாக மாற்றப்பட உள்ளது, ஆட்சேபணை இருந்தால் எழுதவும் என்று. சாமிக்கண்ணு வீட்டுக்கும் அதே கடிதம். கமலக்கண்ணனுக்குப் போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

வீராயி கத்தவில்லை. அதுதான் அரிகிருஷ்ணனுக்குப் பயமாக இருந்தது. அவரை உட்காரவைத்து ஆட்சேபணைக் கடிதம் எழுதவைத்தாள். விசாரணைக்கு ஆள் வருவார்கள் என்று தெரிந்ததும், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் பாடம் நடத்தினாள்.

"சொல்லு பாக்கலாம்."

"காரு என்னுது இல்ல. நான் பாத்ததே இல்ல. ஏமாத்தி கையெழுத்து வாங்கிட்டாங்க."

"அவ்ளோதான். மூணே வார்த்த. நாலாவது வார்த்த உன் வாயிலேர்ந்து வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அவ்ளோகூடவா தெரியாது எனக்கு?"

"அந்த நோட்டயும் அட்டயயும் அடுப்புல போடு."

"அது கவர்மெண்டு பேப்பருடி. அடுப்புலல்லாம் போடக்கூடாது" என்று சொல்லி, பீரோ மேலே பெட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தேவிப்பிரியா என்கிற விசாரணை அதிகாரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதுப் பெண். வெயிலில் முகம் சிவந்து, தோளில் ஒரு பை. முதலில் எதிர்வீட்டுக்குள் போனார். கதவு ஒருக்களித்துக்கொண்டது. பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்.

தகரக் கூரையைப் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார். வாசற்கால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து நின்ற வீராயியைப் பார்த்தார். அவருக்கு முக்கால்வாசி விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது.

"ஐயா, உங்க பேர்ல ஒரு கார் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"காரு என்னுது இல்லம்மா. நான் பாத்ததே இல்ல. ஏமாத்தி கையெழுத்து வாங்கிட்டாங்க" என்றார் அரிகிருஷ்ணன். மூன்றே வாக்கியம். வீராயியின் உடம்பு லேசாகத் தளர்ந்தது.

"தெரியுதுய்யா. இந்த மாதிரி நெறைய பேரு மாட்டியிருக்காங்க" என்று தேவிப்பிரியா ஒரு தாளை எடுத்து நாற்காலியில் வைத்தார். இந்த வாகனம் எனக்குச் சொந்தமானதல்ல என்று அச்சடித்த தாள். "இதுல கையெழுத்துப் போடுங்க. சிவப்பு அட்ட அப்படியே இருக்கும். அம்மா ஆபரேஷனுக்கும் ஒண்ணும் ஆவாது. அந்த ஆளுங்கள நாங்க பாத்துக்கறோம்."

அரிகிருஷ்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தார். வாசலில் தெரு கூடியிருந்தது. 'அரிகிரு' வரைக்கும் எழுதியாயிற்று. அப்போது பார்த்துத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாமிக்கண்ணு வந்து சேர்ந்தார்.

"போடு அரி, போடு" என்றார், குரலைத் தாழ்த்தி, பெரிய மனது பண்ணி. "எதுக்கு யோசன? உன்னுதெல்லாம் ஒரு வண்டின்னு எவன் வந்து கேக்கப் போறான்? ஆறு சிலிண்டர். விட்டுத் தள்ளு. தெருவுக்கு ஒரு வண்டி, அது என்னுது இருந்துட்டுப் போவட்டும்."

பேனா நின்றது.

"ஆறா இருந்தா இன்னாய்யா? என் வண்டி நூத்தம்பது கிலோ கம்மி."

தேவிப்பிரியா நிமிர்ந்தார். "எந்த வண்டி?"

"அது ஒண்ணுமில்லம்மா" என்று பாய்ந்தாள் வீராயி. "மில்லுல ஓட்ன மிசினப் பத்திப் பேசிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் எப்பவும் இதே பேச்சு. நீ போடுய்யா கையெழுத்த."

இதைவிட நல்ல கயிறு ஒருத்தனுக்குக் கிணற்றில் இறக்க முடியுமா? பிடித்துக்கொண்டு ஏறவேண்டியதுதானே?

"மில்லு மிசினா?" என்றார் அரிகிருஷ்ணன். "மில்லு மிசினு இருவது குதிர. என்னுது முந்நூத்தி எழுவத்தி நாலு! முன்னாடி பாதி, பின்னாடி பாதி, தராசு மாதிரி! அவனுது தொந்தி வண்டிம்மா. நேரா ஓடும், வளைவுல அழுவும்."

"நூத்தி எழுவத்தொண்ணு" என்றார் சாமிக்கண்ணு, பல்லைக் குத்திக்கொண்டே.

"எறக்கத்துல போயிருப்பான்! இரு, காட்டறேன்!"

வீராயி கையைப் பிடித்தாள். உதறிக்கொண்டு உள்ளே ஓடினார். பெட்டி விழுகிற சத்தம் கேட்டது. நோட்டும் அட்டையும் நோட்டீஸுமாக வந்து, தேவிப்பிரியாவின் தாளின் மேலேயே பரப்பினார். லேமினேஷனில் போன வருஷத்துக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பாக்காத வண்டிக்கு நாப்பது பக்கமா?" என்றார் தேவிப்பிரியா. "இதுக்கு யாரு பூஜ போட்டது?"

"நான்தான்."

தேவிப்பிரியா வீராயியின் காலை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லாக் காகிதத்தையும் ஒதுக்கிவிட்டுத் தாளை மறுபடி மேலே எடுத்து வைத்தார். "ஐயா, நான் இது எதையும் பாக்கல. கடைசியாக் கேக்கறேன். வண்டி உங்களுதா, இல்லையா? இல்லன்னு சொல்லிட்டு மீதி மூணு எழுத்தப் போடுங்க."

அரிகிருஷ்ணன் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. ராத்திரி வீராயி முனகினால் எழுந்து எண்ணெய் காய்ச்சி முழங்காலில் தேய்த்துவிடுகிறவர் அவர்தான். அவளுக்கு என்ன வலி என்பது அவளுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். எதிரே சாமிக்கண்ணு பல் குத்துவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, சிரிக்கக் காத்திருந்தார். தெருவே காத்திருந்தது. இல்லை என்று சொன்னால் நாளைக்குக் காலையிலிருந்து வெறும் விசில் ஊதுகிறவர்.

"என்னுதுதாம்மா" என்றார்.

தேவிப்பிரியா தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வேறொரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

"அப்படியே அவருதையும் எழுதிக்குங்க" என்று அரிகிருஷ்ணன் எதிராளியைக் காட்டினார். நியாயம் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? "எட்டு சிலிண்டரு."

"அவருதா? அவரு அப்பவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரே. வீட்டுக்குள்ள கற்பூரம் அடிக்காத குறையாச் சத்தியம் பண்ணாரு. காருக்குக் கதவு எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியாதுன்னு சொன்னாரு."

தெருவில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சாமிக்கண்ணு மின்சாரக் கம்பியில் ஏதோ காக்கையைத் தேடிப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரிகிருஷ்ணன் அந்தக் கதவையே பார்த்தார். அவன் மோசம் செய்ததைவிட, அவன் தன் வண்டியை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. தேவிப்பிரியா ஸ்கூட்டியைக் கிளப்பும்போது வீராயியைப் பார்க்காமலே போனார்.

திரும்பினால் வாசற்காலில் வீராயி இல்லை. உள்ளே பீரோ திறந்து மூடியது. சில நிமிஷத்தில் வெளியே வந்தாள். நல்ல சேலை. கையில் எக்ஸ்ரே வைத்த பெரிய உறை. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்து இறங்கி, தெரு நடுவில் போய் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அரிகிருஷ்ணன்.

"ஆஸ்பத்திரிக்கு. எங்களுக்கு ஆபரேஷன் வேணாம், நாங்க வசதிக்காரங்கன்னு சொல்லிட்டு வந்துடலாம். பாவம், அந்த டாக்டரு நாள் குறிச்சு வச்சினு இருப்பாரு. வண்டிய எடு."

"வீராயி, உள்ள வா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான காரு? எடுய்யா. நான் எந்தப் பக்கம் ஏறணும், சொல்லு."

"ஆட்டோ கூப்புடறேன் இரு..."

"ஆட்டோவா? காருக்காரன் பொண்டாட்டி ஆட்டோவுல போனா உன் மரியாத என்னத்துக்கு ஆவறது? காரு வரட்டும். நான் நிக்கறேன்."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டார். அவள் உட்காரவில்லை. கையைப் பிடித்தார். விடுவித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. வீராயி எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, காமராஜர் சாலைப் பக்கம் பார்த்தபடி நின்றாள். சேலைக்குள் முழங்கால் நடுங்குவது வாசலில் நின்ற அரிகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது.